விரதத்துக்குள் சேராத குளிசை

அன்றைக்கு இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி, குசினி வாசலில் பலகையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டு. எங்கள் ஒரே மகள், பின்வளவில் வீடு கட்டி இருப்பவள், கையில் போனோடு. போனுக்குள் என் மனைவியின் தம்பி, கனடாவில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். மா அரிக்கிற அரிதட்டு இரவல் வாங்க வந்து, போனைக் கண்டதும் நின்றுவிட்ட முன்வீட்டுக்காரி.

இவ்வளவு பேரும் கூடித்தான் அந்தக் குளிசையைத் தீர்மானித்தோம். பிறகு ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டபோது ஆளாளுக்கு நிலத்தைப் பார்த்தார்கள். அதனால்தான் ஆட்களை முதலில் சொன்னேன்.

என் மனைவிக்கு மறதி வருத்தம். வயதுக்கு வருகிற சும்மா மறதி இல்லை, நோய். முதலில் நான் கண்டது தோட்டத்தில். ஒரு பாத்தி வெங்காயம் முழுவதையும் தலைகீழாக ஊன்றியிருந்தாள், வேர் மேலே பார்க்க. என்னைக் கட்டி வந்த நாளிலிருந்து வெங்காயம் நடுகிறவள். கண்ணை மூடிக்கொண்டு நடுவாள். அவள் குளிக்கப் போன பிறகு நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் திருப்பி நட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த பாத்தியைப் போய்ப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான்.

பிறகு மறைக்க முடியவில்லை. தேத்தண்ணிக்கு உப்புப் போட்டாள். மகளைத் தன் தங்கச்சி என்று நினைத்துச் சண்டை பிடித்தாள். பொழுது சாய்ந்தால் சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு, "வாங்கோ வீட்டை போவம்" என்றாள். இருக்கிறது தன் வீட்டில்.

கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். டொக்டர் நிறையக் கேள்வி கேட்டார், தலையைப் படம் எடுக்க வைத்தார், கடைசியில் என்னைத் தனியக் கூப்பிட்டார். இது மாறாது, மெல்ல மெல்லக் கூடும், ஒரு குளிசை தருகிறேன், அது கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், பழகின வேலையைச் செய்ய விடுங்கோ என்றார். எனக்கு அது போதும். பொய் சொல்லாத ஆள். வீட்டுக்கு வரும் வழியிலேயே மனதைக் கட்டிக்கொண்டேன். அவள் வெங்காயம் உரிக்கட்டும், நான் பக்கத்தில் இருப்பேன். என்னை யாரென்று தெரிந்திருக்கிற வரைக்கும் தெரிந்திருக்கட்டும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

தம்பிக்கு அது போதவில்லை.

அவன் படித்தவன். அங்கே என்ஜினியர். எந்த நேரமும் எதையாவது வாசித்துக்கொண்டிருப்பான். அன்றைக்குப் போனில் வந்ததும் சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

"அத்தான், வடிவாக் கேளுங்கோ. அக்காடை மூளைக்குள்ளை ஒரு புரதம் படியுது. அமிலோயிட் எண்டு பேர். கட்டி கட்டியா நிக்கும். இன்னொரு புரதம் நரம்புக்குள்ளையே முறுகி முடிச்சு விழும். உந்த ரண்டும்தான் ஆளைத் தின்னுது."

புரதம் என்றால் எனக்குத் தெரிந்தது பருப்பும் முட்டையும்.

"அப்ப அவவுக்குப் பருப்புக் குடுக்கப்படாதோ?" என்றேன்.

சிரித்தான். "அது வேற அத்தான். இது உடம்பு தானாச் செய்யிறது."

முன்வீட்டுக்காரிக்கு அது ஏறவில்லை. "எதுக்கும் பருப்பை விட்டுப் பாருங்கோ அண்ணை" என்றாள். மகள் அதையும் கேட்டுக்கொண்டு ஒரு மாதம் தாய்க்குப் பருப்புக் காட்டவில்லை. ஒரு சட்டியில் சமைக்கிற வீடு. எனக்கும் இல்லை.

தம்பி விடவில்லை. "அந்தப் புரதம் படியிற இடத்தைச் சுத்தி மூளை அழலுது. வீக்கம். எங்கடை முழங்கால் வீங்கினா ஒரு குளிசை போடுறமெல்லோ, அதே வகைதான், அந்த வீக்கத்தைக் குறைக்கும். அதோடை நிக்கேல்லை. அதிலை சிலது அந்தப் புரதம் உண்டாகிறதையே மாத்துமாம். மூட்டு வருத்தத்துக்கு வருசக்கணக்கா உதைப் போட்ட ஆக்களுக்கு மறதி வாறது குறைவாம். ஆராய்ச்சிக்காரர் எழுதி இருக்கினம்."

"கிளினிக்கிலை ஒருக்காக் கேப்பம்."

"கேளாதையுங்கோ. கேட்டா வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம். புதுசா வாற ஒண்டும் உவையளுக்குத் தெரியாது. அங்கை வந்து சேர இன்னும் பத்து வருசம் எடுக்கும். அதுக்கிடையிலை அக்கா இருக்க மாட்டா."

மகளுக்கு அந்தக் கடைசிச் சொல் போதும். கண் கலங்கிவிட்டது. "மாமா படிச்சவர் அப்பா. சும்மா சொல்ல மாட்டார்" என்றாள்.

என் மனைவி அப்போதுதான் வெங்காயத்திலிருந்து தலை நிமிர்ந்தாள். "ஆருக்குச் சுகமில்லை?" என்று கேட்டாள்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்துத் தலையாட்டினாள். அதோடு தீர்மானம் முடிந்தது.

முழங்காலுக்குப் போடுகிற குளிசை எனக்குத் தெரியும். தோட்டத்தில் நின்று நின்று எனக்கும் முழங்கால் போய்விட்டது. சுன்னாகத்தில் மருந்துக்கடையில் வாங்கும்போது, சாப்பிட்டுவிட்டுத்தான் போடவேணும் என்று சொல்லித்தான் தருவார்கள். அதைச் சொன்னேன். "ஓம் அத்தான், கட்டாயம் சாப்பிட்ட பிறகு" என்றான் தம்பி. அவன் சொல்லவில்லை என்று நான் எழுத மாட்டேன். சொன்னான்.

ஆடியில் திருவிழாவுக்கு வந்த அவனுடைய சிநேகிதன் இரண்டு போத்தல் கொண்டுவந்தான். மருதனார்மடச் சந்தியில் வெயிலுக்குள் நின்று வாங்கினேன். வாகனத்தை விட்டு இறங்காமல் யன்னலால் நீட்டினான். பெரிய போத்தல்கள். ஊறுகாய் போட்டு வைக்கலாம். அங்கே டொக்டர் எழுதித் தருகிற துண்டு தேவையில்லையாம், சவுக்காரம் வாங்குகிற கடையிலேயே தட்டில் கிடக்குமாம். அவ்வளவு லேசாக விற்கிற சாமான் என்ன செய்துவிடப் போகிறது என்று எல்லோரும் நினைத்தோம்.

கனடாக் குளிசை என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. இங்கே ஆஸ்பத்திரியில் சும்மா தருகிற குளிசையைக் கடதாசிப் பையோடு யன்னலில் எறிந்து வைப்பார்கள். அங்கிருந்து வந்ததை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார்கள். முன்வீட்டுக்காரி போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மூடியைத் திறந்து மணந்தாள். மகள் அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துத் திருநீறு தொட்டுவிட்டு எடுத்தாள். ஒன்று வெளியே, ஒன்று சேலைகளுக்குக் கீழே.

காலை ஒன்று, இரவு ஒன்று. மகள்தான் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி எடுப்பான். "மாற்றம் தெரியுதோ?"

"கொஞ்சம் தெளிவு மாமா" என்பாள் மகள்.

"அத்தான் என்ன சொல்லுறார்?"

நான் கிணற்றடிக்குப் போய்விடுவேன். நான் மாற்றம் காணவில்லை. அவள் அப்போதும் பொழுது சாய்ந்தால் மூட்டை கட்டினாள். கிளினிக்குக்கு மாதம் ஒருமுறை போனோம். அங்கே இந்தக் குளிசையைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று மகள் ஓட்டோவுக்குள்ளேயே எனக்குச் சொல்லிக்கொண்டு வருவாள். சின்னப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரி.

ஐப்பசி வந்தது. மழை தொடங்கிவிட்டது. கந்தசஷ்டியும் வந்தது.

எங்களுக்குக் கலியாணம் முடிந்து நெடுநாள் பிள்ளை இல்லை. சஷ்டி விரதம் பிடித்துத்தான் மகள் கிடைத்தாள் என்பது என் மனைவியின் நம்பிக்கை. அதன் பிறகும் விடவில்லை. ஆறு நாளும் சோறு தண்ணி இல்லை. காலையில் மிளகை விழுங்கி ஒரு கை தண்ணீர், பின்னேரம் கோயில் தீர்த்தம். ஆறாம் நாள் சூரன்போர் பார்த்து, ஏழாம் நாள் விடியப் பாறணைச் சோறு, அதோடுதான் விரதம் முடியும். போன வருடம்தான் அவளுக்கு அது நினைவில் வரவில்லை. நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை. பாணும் சம்பலும் தின்றாள். நான் சந்தோஷப்பட்டேன்.

இந்த வருடம் முதல் நாள் காலை, தானே கிணற்றடிக்குப் போய் முழுகி, ஈரத் தலையோடு வந்து நின்றாள். "இண்டைக்குச் சஷ்டி துடக்கம். எனக்கு ஒண்டும் காச்சாதையுங்கோ" என்றாள்.

மகள் அழத் தொடங்கிவிட்டாள். கையில் இருந்த மாக்கோப்பையைக் கீழே வைக்காமலே போனை எடுத்தாள். போனுக்குள் தம்பியும் அழுதான்.

"பாத்தியளோ அத்தான். கிழமை தெரியாத ஆள் சஷ்டியைச் சொல்லுறா. வேலை செய்யுது. உதைத்தானே நான் சொன்னனான்."

கோயில் ஒலிபெருக்கி எங்கள் கூரைக்கு நேரேதான் கட்டிக் கிடக்கிறது. விடிவதற்கு முன்பே அது சஷ்டி விரதம் ஆரம்பம், அடியார்கள் வரவும் என்று திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தது. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். காதில் விழுந்ததைச் சொன்னாள். இதை நான் சொன்னேன்.

"உங்களுக்கு எதிலையும் ஒரு குறை" என்றாள் மகள்.

"சரி. விரதம் எண்டா குளிசையை நிப்பாட்டு. வெறும் வயித்திலை குடுக்கேலாது."

போனைத் திருப்பித் தம்பியைக் கேட்டாள். அவன் இல்லை என்றான். "இப்பதான் பிடிபடுது. ஆறு நாள் இடைவெளி விட்டா அந்தப் புரதம் திரும்பப் படிஞ்சிடும். துடந்து குடுக்கவேணும்."

"அப்ப விரதத்தை நிப்பாட்டு" என்றேன்.

"அம்மாக்கு நினைவு வந்து பிடிக்கிற விரதம் அப்பா. நான் பிறந்த விரதம். அதை நான் எப்பிடி நிப்பாட்டுறது? எனக்குப் பாவம் இல்லையோ?"

முன்வீட்டுக்காரி வேலியில் இருந்த பொட்டு வழியாகப் புகுந்து வந்து நின்றாள். அவளும் விரதம், நெற்றி நிறையத் திருநீறு. "ஏன் ரண்டு பேரும் சண்டை? மருந்து விரதத்துக்குள்ளை சேராது அண்ணை. கோயில் ஐயரே நீரிழிவுக் குளிசை போட்டுக்கொண்டுதான் பிடிக்கிறார். மிளகோடை சேத்து விழுங்கட்டும்."

எங்கள் ஆட்களின் சட்டம் அதுதான். சோறு விரதத்தை முறிக்கும். சிலருக்குப் பால் முறிக்கும். மருந்து முறிக்காது. மருந்து எந்தக் கணக்கிலும் இல்லை. விரதத்தையும் விடக்கூடாது, குளிசையையும் விடக்கூடாது. விட்டது சோறு மட்டும்.

நான் எழும்பித் தோட்டத்துக்குப் போனேன். மண்வெட்டியை எடுத்தேன். அன்றைக்குக் கொத்தத் தேவையில்லாத இடத்தையும் கொத்தினேன்.

மூன்றாம் நாள் அவள் கிணற்றுக்கட்டில் இருந்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வளைந்திருந்தாள்.

"என்னப்பா?"

"எரியுது."

"எங்கை?"

"இதுக்கை. கத்தியாலை கீறுற மாதிரி."

மகளைக் கூப்பிட்டேன். அவள் தன் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவதற்குள் என் மனைவி நிமிர்ந்துவிட்டாள். கையை எடுத்துவிட்டாள்.

"அம்மா, வயித்துக்கை எரியுதோ?"

"என்ன எரியுது? அடுப்பு நூந்தெல்லோ கிடக்கு" என்றாள். குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் பொய் சொன்னேன் என்று நினைத்தாள். அப்படித்தான் பார்த்தாள்.

வயிற்று நோ இருந்தது. நோ வந்தது என்ற நினைவு அவளிடம் இல்லை. அந்த வருத்தம் நோவையும் சேர்த்துத் தின்கிறது. எரிகிற நேரத்தில் பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும்தான் தெரியும். நின்றவன் நான். நான் சொல்வதை எடுப்பார் இல்லை. நாலாம் நாளும் கண்டேன். ஐந்தாம் நாள் இரண்டு தரம் கண்டேன். முன்வீட்டுக்காரியிடம் சொன்னதற்கு, "வெறும் வயிறு எரியத்தானே செய்யும் அண்ணை, எனக்கும் எரியுது, அதுதானே விரதம்" என்றாள். அவள் குளிசை போடவில்லை.

சூரன்போர் அன்று பின்னேரம் மழை விட்டிருந்தது. கோயில் வீதி மண் ஈரம். சனம் நெருக்கி நின்றது. அவளை மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போனோம். முகம் அரிசிமா மாதிரி வெளிறியிருந்தது. விரத முகம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சிலர் அவளைக் கும்பிட்டார்கள்.

சூரன் தலை மாறி இரண்டாம் முறை ஓடி வருகிறபோது அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். சப்பாணி கட்டி இருந்த மாதிரி இருந்தாள். பிறகு முன்னுக்குக் குனிந்து சத்தி எடுத்தாள். கறுப்பு. கோப்பி மண்டி மாதிரி. ஆறு நாள் ஒன்றும் தின்னாதவளின் வயிற்றுக்குள் கோப்பி மண்டி எங்கே இருந்து வரும்.

சுற்றி நின்றவர்களுக்கு அது தெரியவில்லை. ஒருவர் தேசிக்காய் கொண்டுவந்து மூக்கில் பிடித்தார். ஒருவர் சால்வையால் விசிறினார். "விரதக் களை, சூரன் விழட்டும், அதுக்கிடையிலை எழுப்பாதையுங்கோ" என்றார் ஒரு பெரியவர். முன்வீட்டுக்காரி என் கையைப் பிடித்தாள்.

"இன்னும் ஒரு ராத்திரிதான் அண்ணை. விடிஞ்சாப் பாறணை. இப்ப கொண்டு போய் உவையள் வாய்க்குள்ளை ஏதும் ஊத்தினா ஆறு நாளும் வீண்."

"விலத்து" என்றேன்.

விலத்தவில்லை. நான் விலத்தினேன். அவளைத் தூக்கினேன். பாரம் இல்லை. ஒரு கடகம் வெங்காயம் அதைவிடப் பாரம். வீதி முனையில் ஓட்டோ நின்றது. வீட்டு வாசலில் அதை நிறுத்தி, வெளியே இருந்த போத்தலை எடுத்துச் சால்வையில் சுற்றிக்கொண்டேன். மகள் ஏன் என்று கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் இளம் பிள்ளை. என் மகளைவிட வயது குறைவு. என் மனைவியின் கண் இமையைத் திறந்து பார்த்தாள், வயிற்றை அமத்தினாள், சேலையில் பட்டிருந்த கறுப்பைப் பார்த்தாள்.

"என்ன மருந்து எடுக்கிறவ?"

மகள் கிளினிக் குளிசையைச் சொன்னாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பின்னால் அடுத்த ஓட்டோவில் வந்திருந்த முன்வீட்டுக்காரி சுவரைப் பார்த்தாள். மகளின் கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. கனடா. அவள் எடுக்கவில்லை.

நான் சால்வையை அவிழ்த்துப் போத்தலை மேசையில் வைத்தேன்.

டொக்டர் போத்தலை வாசித்தாள். "ஆர் சொல்லி உதைக் குடுத்தனீங்கள்?"

மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

"நாங்கள் எல்லாரும்தான்" என்றேன்.

இரத்தம் ஏற்றினார்கள். தொண்டையால் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் புண், அதிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உள்ளேயே வைத்து அதை அடைத்தார்கள். இன்னும் ஒரு இரவு வைத்திருந்தால் சுடலைக்குத்தான் கொண்டுபோயிருப்பீர்கள் என்று டொக்டர் மகளுக்கு நேரே சொன்னாள். சொல்லத்தான் வேணும்.

அடுத்த நாள் டொக்டர் என்னை வெளியே வாங்கில் இருக்கக் கண்டு பக்கத்தில் வந்து நின்றாள். கோபம் கொஞ்சம் ஆறியிருந்தது. நான் தம்பி சொன்ன கதையைச் சொன்னேன். புரதம், வீக்கம், எல்லாம். கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஐயா, உது முழுப் பொய் எண்டு சொல்ல மாட்டன். ஆய்வுகூடத்திலை, எலியளிலை, உந்த வகைக் குளிசை சிலது அந்தப் புரதத்தைக் குறைச்சிருக்கு. மூட்டு வருத்தக்காரரின்ரை கதையும் உள்ளதுதான். அதைப் பாத்துத்தான் வருத்தம் வந்த ஆக்களுக்குக் குடுத்துப் பாத்தவை. மறதி நிக்கேல்லை. வயிறுதான் புண்ணாச்சு."

"அந்தப் பாதி அவனுக்குத் தெரியாதோ?"

"முதல் பாதியோடை போனை மூடியிருப்பார்."

"அப்ப எலிக்குச் சரி."

"எலி விரதம் பிடிக்காது ஐயா" என்றாள். சிரிக்கவில்லை. "வயித்துக்கு உள்ளாலை ஒரு பூச்சு இருக்கு. உந்தக் குளிசை அதைக் கரைக்கும். சோறு திண்டாலும் கரைக்கும். ஆறு நாள் பட்டினியும் மிளகும் எண்டா சொல்ல வேணுமோ? உங்கடை கிளினிக்கிலை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அண்டைக்கே நிப்பாட்டியிருப்பினம்."

நான் தலையாட்டினேன்.

வாட்டில் என் மனைவி ஊசிக் குழாயைப் பிடுங்கினாள். திரும்பக் குத்தினார்கள். திரும்பப் பிடுங்கினாள். பிறகு பண்டேச்சுத் துணியால் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டினார்கள். அவர்களைப் பிழை சொல்ல முடியாது. நான் கட்டிலடியில் கதிரையில் இருந்தேன்.

"என்னை ஏன் கட்டி வைச்சிருக்கு?" என்று கேட்டாள். "நான் என்ன களவெடுத்தனானோ?"

"இல்லை."

"அப்ப அவிழுங்கோ."

"இப்ப ஏலாது. கொஞ்சம் பொறுமப்பா."

கண்ணை மூடுவாள். திறப்பாள். "என்னை ஏன் கட்டி வைச்சிருக்கு?" நான் முதல் தரம் சொன்ன மாதிரியே ஒவ்வொரு தரமும் சொன்னேன். மகள் வெளியே போய் நின்று அழுதாள். அழட்டும் என்று விட்டேன். எனக்கு அவளைத் தேற்ற மனம் வரவில்லை. அதையும் எழுதத்தான் வேணும்.

கட்டை அவிழ்த்த அன்று அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கள் ஆரின்ரை ஆள்?" என்றாள்.

அதுவரைக்கும் எல்லாரையும் மறந்திருக்கிறாள். என்னை மறந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் கிடந்தால் வயதானவர்களுக்கு இப்படி மாறாட்டம் வரும், வீட்டுக்குப் போனால் தெளியலாம் என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கொஞ்சம் தெளிந்தது. மகளைத் தெரிந்தது. வளவைத் தெரிந்தது. என்னைத் தெரியவில்லை. தோட்டத்து வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டாள். என்னை அண்ணை என்று கூப்பிடுகிறாள். மரியாதையாகத்தான். "அண்ணை, தேத்தண்ணி குடிச்சியளோ?" என்பாள். ஓம் என்பேன்.

எல்லாம் மறந்தவளுக்கு ஒன்று மறக்கவில்லை. கஞ்சி குடித்து முடிந்ததும் வலது கையைக் குழித்து நீட்டுகிறாள், தீர்த்தம் வாங்குகிற மாதிரி. குளிசைக்கு. கொடுக்காவிட்டால் அலுமாரியைத் திறந்து சேலைகளை இழுத்துக் கீழே போடுகிறாள். அங்கே மற்றப் போத்தல் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி எடுத்தான். மகள் பேசிக்கொண்டிருந்தாள். குசினிக்குள் இருந்த எனக்கு அவன் சொன்னது கேட்டது.

"குளிசையிலை பிழை இல்லை பிள்ளை. விரதம்தான் பிழைச்சது. வயித்துக்குக் காப்புக் குளிசை ஒண்டு இருக்கு, அதையும் சேத்து அனுப்பிறன். நல்லா வந்துகொண்டிருந்தவ. இப்ப விட்டா..."

வெளியே வந்து மகளின் கையிலிருந்து போனை எடுத்தேன். நான் போனை எடுத்துக் கதைக்கிறவன் இல்லை. அவன் முகம் மாறிவிட்டது.

"அத்தான்..."

"உன்ரை அக்கா சஷ்டி பிடிக்கிறவ எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"சின்னனிலை அவவின்ரை சேலையைப் பிடிச்சுக்கொண்டு கோயிலுக்குப் போனனீ. பாறணைக்கு முதல் கோப்பை உனக்குத்தான் வைப்பா. ஆடியிலை போத்தல் அனுப்பேக்கை ஐப்பசி வருமெண்டு உனக்குத் தெரியாதோ?"

முகத்தைத் திருப்பினான்.

"சொல்லு."

"மறந்து போனன் அத்தான்."

"என்ன?"

"மறந்து போனன். அக்கா விரதம் பிடிக்கிறவ எண்டதே நினைவு வரேல்லை. இப்ப கொஞ்ச நாளா எனக்கும் அப்பிடித்தான். காரை எங்கை விட்டனான் எண்டு தேடுறன். அம்மாவுக்கு வந்தது. அக்காவுக்கு வந்தது. அடுத்தது ஆர்?" அவன் மனைவி பின்னால் வந்து நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. "நானும் போடுறன் அத்தான். ஒரு வருசத்துக்கு மேலை. அதே குளிசை."

அவன் மனைவிக்கு அது தெரியாது போலிருந்தது. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் திட்டவில்லை. பயந்தவன் ஒருவன் எனக்கு முன்னால் இருந்தான்.

"இண்டையோடை நிப்பாட்டு" என்றேன். "நாளைக்கு உன்ரை டொக்டரிட்டைப் போ. மறதியையும் சொல்லு. வயித்தையும் காட்டு. கறுப்பாப் போகுதோ எண்டு பார்."

"ஓம் அத்தான்."

"இஞ்சை ஒண்டும் அனுப்பாதை."

"இல்லை." உடனேயே, "கிடக்கிறதை எறிஞ்சு போடாதையுங்கோ அத்தான். பிறகு ஏதும் நல்ல முடிவு வந்தா... எத்தினை மிச்சம் கிடக்கு?" என்றான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு குளிசை கிடந்தாலும் இந்த வீட்டில் யாராவது ஒருவர் நல்ல மனதோடு அவளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மகளிடம் போனைக் கொடுத்து, நேராகப் பிடி என்றேன். ஆஸ்பத்திரியில் இருந்து திருப்பித் தந்த போத்தலையும் அலுமாரிக்குள் கிடந்த போத்தலையும் எடுத்துவந்து சுளகில் கொட்டினேன். நடுவிறாந்தையில் இருந்து எண்ணத் தொடங்கினேன். நாற்று வெங்காயம் எண்ணுவது மாதிரி ஐந்து ஐந்தாக ஒதுக்கினேன். எண்ணி ஒரு பையில் போட்டு, கிளினிக்கில் டொக்டரின் கையில் கொடுத்து, எத்தனை என்றும் சொல்லவேண்டும். இவ்வளவு நாளும் அங்கே சொல்லாததையும் சொல்லவேண்டும். தம்பி பார்த்துக்கொண்டிருந்தான்.

என் மனைவி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். சுளகைப் பார்த்தாள். கையைக் குழித்து நீட்டினாள்.

"எனக்கொண்டு தாங்கோ அண்ணை."

நான் அந்தக் கையை மெல்ல மடித்து அவளின் மடியில் வைத்தேன். திரும்பவும் நீட்டினாள். திரும்பவும் வைத்தேன். எண்ணுவதை விடவில்லை.

முடிந்தது. "எத்தினை அப்பா?" என்றாள் மகள்.

முந்நூற்றுப் பதினெட்டு.